பொன்னாடையும் மதிப்பீடும்

நம் விழாக்களில் கிராமியக் கலைஞனுக்குப் பொன்னாடை கிடைக்கிறது, கைத்தட்டல் கிடைக்கிறது, அமைச்சரோடு ஒரு புகைப்படமும் கிடைக்கிறது. விமர்சனம் மட்டும் கிடைப்பதில்லை. இதை ஒரு சில்லறைக் குறையாக என்னால் நினைக்க முடியவில்லை.

தமிழ் மையம் அரசின் துணையோடு 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், கரகத்தையும் ஒயிலையும் நையாண்டி மேளத்தையும் மாநகரத்தின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2011க்குப் பின் நின்றுபோன அது, 2023 பொங்கலின்போது கலை பண்பாட்டுத் துறையின் கையில் 'நம்ம ஊரு திருவிழா'வாக மீண்டது. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்தன. தின்பண்டக் கடைகளில் கூட்டம் நெரிந்தது. இதில் முகம் சுளிக்க எதுவுமில்லை. சாவு வீட்டுக்கு அழைத்தால் போயே தீரவேண்டும் என்று சாதி விதித்த கட்டாயத்திலிருந்து விலகி, பறையை ஒருவன் கலைஞனாக நின்று அடிக்க முடிவது சாமான்ய விஷயமல்ல.

ஆனால் அடித்தது எப்படி இருந்தது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. டிசம்பர் சீசனில் ஒரு பாடகரின் தோடி எங்கே தடுக்கிற்று, நிரவல் ஏன் எடுபடவில்லை என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். பறைக்கு வந்தால் 'மண்ணின் இசை', 'அதிர வைத்தது' என்ற இரண்டு சொற்களோடு பேனா ஓய்ந்துவிடுகிறது. நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலின் நாதம் வேறு, இன்று பலர் கையில் இருக்கும் ஃபைபர் பறையின் நாதம் வேறு. சிம்புக் குச்சியும் அடிக்குச்சியும் தனித்தனியே பேசினவா, ஒலிபெருக்கியில் ஒன்றாகக் குழம்பினவா? அடி மாறிய இடத்தில் குழு பிசகியதா? இவையெல்லாம் காது உள்ளவன் கேட்கக்கூடிய கேள்விகள். பம்பையை ஆரவாரமாகவும் மிருதங்கத்தைச் சங்கீதமாகவும் கேட்கப் பழகிய காதுக்கு இவை தோன்றுவதில்லை.

இந்தக் கலைகளுக்கு மதிப்பீட்டு மரபே கிடையாது என்று சொல்பவர்கள் வானகரம், மதுரவாயல் பக்கம் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் வந்து நிற்க வேண்டும். ஒன்று மரம், ஒன்று பித்தளை என்று இரட்டையாய்க் கட்டிய பம்பை முழங்கும்போது, சுற்றி நிற்கும் பெண்கள் வெறும் பார்வையாளர்களல்ல. சாமி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அடி சரியில்லை. 'போன வருஷ செட்டே தேவலை' என்று ஒரு கிழவி சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அச்சேறாத விமர்சனம் இது. ஆனால் அங்கே அந்தக் கலைஞன் கூலிக்கு வந்த ஆள்தான். மேடை அவனுக்கு மரியாதையைத் தந்தது; அந்தக் கிழவியின் காதைத் தரவில்லை.

இரண்டும் சேர்ந்திருக்க முடியாதென்பதில்லை. ரியோ டி ஜெனிரோவின் குன்றுச் சேரிகளில் கறுப்பின ஏழைகள் வளர்த்த சாம்பாவுக்கு 1932லேயே போட்டி வந்தது. 1984இல் ஆஸ்கார் நீமேயர் வடிவமைத்த அணிவகுப்பு அரங்கமும் எழுந்தது. தெருவின் சுதந்திரத்தை அரங்கம் சுருக்கிவிட்டது என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் அங்கே ஒவ்வொரு சாம்பாப் பள்ளியின் முரசுப் பகுதிக்கும் தனியாகப் பத்துக்கு மதிப்பெண் உண்டு. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கோப்பை கைநழுவலாம். திருநீற்றுப் புதனன்று மதிப்பெண்கள் வாசிக்கப்படும்போது ஊரே காது கொடுக்கிறது, ஊரே சண்டை போடுகிறது. நமக்கும் நடுவர்களும் மதிப்பெண்ணும் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டை வேண்டும்.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இந்த வகையில் முக்கியமானது. கானாவையும் ஒப்பாரியையும் சபாக்களின் மாதத்திலேயே மேடையேற்றியதன் மூலம், இதையும் அதே கவனத்தோடு கேள் என்று அது கோருகிறது. அந்தக் கோரிக்கையை ஏற்பவன் கைதட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. எந்தக் கானா வெறும் எதுகை அடுக்கு, எது ஒரு வாழ்வைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சுருதியில் புகழ்வது, எதையும் கேட்கவில்லை என்பதற்கான ஒப்புதல்.

'பாவம், கிராமியக் கலைஞர்கள், அவர்களைப் போய் விமர்சிப்பதா?' என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். தப்பாக வாசித்தால் தப்பு என்று சொல்லப்படும் தகுதியைக்கூட அந்தப் 'பாவம்' பறித்துவிடுகிறது. அடுத்த பொங்கலுக்கும் மேடைகள் எழும்பும். நோட்டுப் புத்தகத்தோடு நாலு பேராவது அவற்றின் எதிரில் உட்கார வேண்டும்.