மொய்ப் பந்தியில் ஒரு எக்செல் ஜன்னல்

பெரியப்பா வீட்டுக் காதணி விழாவில் மொய் எழுத உட்கார்ந்தவன் நான். உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுவது சாதாரண வேலை இல்லை. இன்றைக்கு நமக்குச் செய்தவர் வீட்டு விசேஷத்துக்கு நாளைக்கு நாம் செய்தாக வேண்டும். அதற்கு நோட்டுதான் சாட்சி. ஒரு பெயர் விட்டுப்போனால் அது காலத்துக்கும் மனத்தாங்கல். அந்த வேலையை எக்செல்லில் செய்தேன். மேக்ரோ ஒன்றுகூட எழுதாமல், படிவம் வைத்துச் செய்தேன்! அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

முந்தைய விசேஷம் ஒன்றில் தெரிந்தவர் ஒருவர் மேக்ரோ போட்ட ஃபைல் கொடுத்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. மண்டபத்தில் வேறொரு லேப்டாப்பில் திறந்தால், மேக்ரோ தடுக்கப்பட்டது என்று எச்சரிக்கை வந்தது, பட்டன் எதுவும் அசையவில்லை. அப்படியே மூடிவைத்துவிட்டு நோட்டை எடுத்தோம். மேக்ரோ இல்லாத ஃபைலில் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

நான் சொல்லும் படிவம் எக்செல்லிலேயே இருக்கிறது. பழைய பதிப்புகளில் டேட்டா மெனுவில் ஃபார்ம் என்று கண்ணெதிரே இருந்தது. 2007-ல் ரிப்பன் வந்தபோது மேலே இடம் கிடைக்காமல் உள்ளே போய்விட்டது. வெளியே கொண்டுவருவது சுலபம். மேல் ஓரத்தில் இருக்கும் குவிக் அக்சஸ் பட்டையில் வலது கிளிக் செய்து, மாற்றியமைக்கும் பக்கத்துக்குப் போய், ரிப்பனில் இல்லாத கட்டளைகளின் பட்டியலில் ஃபார்ம் என்பதைத் தேடிச் சேர்த்தால் போதும். ஒரு தடவை சேர்த்தால் அந்தக் கணினியில் எப்போதும் இருக்கும்.

பிறகு தலைப்புகளை அடித்தேன்: வரிசை எண், ஊர், பெயர், அடையாளம், தொகை, குறிப்பு. எங்கள் நோட்டில் ஊர்தான் முதலில் வரும், அதே வரிசையை வைத்துக்கொண்டேன். கண்ட்ரோல் டி அழுத்தி அதை டேபிள் ஆக்கினேன். டேபிளுக்குள் ஒரு கட்டத்தைத் தொட்டு ஃபார்ம் பட்டனை அழுத்தியதும் சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. நான் அடித்த தலைப்புகளே ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, எதிரே வெறும் பெட்டிகள். அந்த நொடியில் கைதட்டத் தோன்றியது! இப்படி 32 பத்தி வரை தாங்கும். மொய்க்கு ஆறே போதும்.

வரிசை எண்ணை மட்டும் சூத்திரமாக வைத்தேன். தலைப்பு மூன்றாம் வரியில் இருப்பதால் =ROW()-3. சூத்திரம் உள்ள பத்திக்கு ஜன்னலில் பெட்டியே வராது, விடை மட்டும் தெரியும். அவசரத்தில் யாரும் எண்ணை மாற்றி அடித்துவிட முடியாது. என்ன அருமையான ஏற்பாடு!

தலைப்பு ஏன் மூன்றாம் வரியில் என்று கேட்கலாம். முதலில் மொத்தத் தொகையைப் பட்டியலுக்குக் கீழேதான் போட்டிருந்தேன். கீழே ஏதாவது இருந்தால், பட்டியலை நீட்ட முடியாது என்று ஃபார்ம் நின்றுவிடும். அதனால் மொத்தத்தை முதல் வரிக்கு ஏற்றி, ஒரு வரி இடைவெளி விட்டேன். அதுவே நல்லதாகப் போயிற்று. ஜன்னலைச் சற்று நகர்த்தி வைத்தால் மொத்தம் ஏறுவது எப்போதும் கண்ணில் படும்.

தொகைப் பத்திக்கு டேட்டா வேலிடேஷனில் முழு எண் மட்டும் என்று விதி வைத்தேன். கைப்பழக்கத்தில் 1001/- என்று கோடு போட்டு அடிக்கும் ஆட்கள் நாம். அப்படி அடித்தால் ஃபார்ம் ஏற்றுக்கொள்ளாது, அங்கேயே பிடித்துக்கொள்ளும். வேலிடேஷனில் வைக்கும் கீழிறங்கும் பட்டியல் மட்டும் இந்த ஜன்னலில் வராது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஊர்ப் பெயரைச் சரசரவென்று அடித்துவிடலாம்.

காலை ஒன்பதரைக்குமேல் கூட்டம் நெருக்கியது. சித்தப்பா பணத்தை எண்ணி வாங்கி, "செக்கானூரணி... வாத்தியார் மகன்... ஆயிரத்தொண்ணு" என்று குரல் கொடுப்பார். ஊர், டேப், பெயர், டேப், அடையாளம், டேப், தொகை, என்டர். அடுத்த வெற்றுப் பெட்டிகள் தயார். மௌஸைத் தொடவே வேண்டாம்! ஃபார்ம் திறந்திருக்கும்போது சேமிக்க முடியாது. அதனால் கூட்டம் சற்றுத் தணியும்போதெல்லாம் மூடி, சேமித்து, மறுபடி திறந்தேன். டெலீட் பட்டன் பக்கம் மட்டும் போகவே கூடாது. அதில் அழித்த வரி திரும்பி வராது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏப்பா, கருமாத்தூர்ல இருந்து யார் யார் செஞ்சிருக்காக, பாரு." முன்பென்றால் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். கிரைட்டீரியா பட்டனை அழுத்தி, ஊர்ப் பெட்டியில் கருமாத்தூர் என்று அடித்து, ஃபைண்ட் நெக்ஸ்ட். ஒருவர் வந்தார். மறுபடி அழுத்தினேன், அடுத்தவர். பெரியம்மா ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். தொகைப் பெட்டியில் >5000 என்று அடித்தால் அதற்குமேல் செய்தவர்கள் மட்டும் வரிசையாக வருவதையும் காட்டினேன்.

"இதை எனக்கும் சொல்லிக் குடுப்பா" என்று நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி அந்த ஃபைலை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனிலேயே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திறந்தது.