கொப்பூழ் என்றொரு நூல்

பரிணாமக் கொள்கையும் கிறித்தவரின் படைப்பு நம்பிக்கையும் இணங்குமா என்னும் வினா, 1859-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்த பின்னரே எழுந்ததென எண்ணுவோர் பலர். அதற்கு ஈராண்டு முன்னரே, பாறைகள் கூறும் பன்னெடுங்காலத்தை விவிலியத்தின் ஆறு நாட்களோடு பொருத்த முயன்றார் ஃபிலிப் ஹென்றி கோஸ் என்னும் ஆங்கிலேயர். அந்நூலின் பெயர் 'ஓம்ஃபலோஸ்'. கிரேக்கத்தில் கொப்பூழ் என்று பொருள்.

கோஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அவர் வாதம் இது: கோழியிலிருந்து முட்டை, முட்டையிலிருந்து கோழி என உயிர் வட்டமாய்ச் சுழல்கிறது. அவ்வட்டத்தின் எவ்விடத்தில் படைப்பு தொடங்கினும், நிகழாத முற்காலத்தின் அடையாளம் அதில் இருந்தே தீரும். தாய்வயிற்றில் பிறவாத ஆதி மனிதருக்கும் கொப்பூழ் இருந்திருக்கும். அன்றே தோன்றிய மரத்திலும் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே, பாறையிற் காணும் எலும்புகளும் என்றும் வாழாத விலங்குகளின் வடிவங்களாய்ப் பாறையோடு படைக்கப்பட்டவை என்றார்.

இதனை எள்ளி நகையாடுவோருடன் நாம் சேரோம். கோஸ் சான்றுகளை மறைத்தாரல்லர். அவர் தருக்கத்தில் முரண்பாடு காண்பதும் அரிது. குறை வேறிடத்தில் உள்ளது. எச்சான்றாலும் மறுக்கவியலாத வாதத்தை எச்சான்றாலும் நிறுவவும் இயலாது. அதனினும் பெரிய குறையை அவர் நண்பரும் ஆங்கிலத் திருச்சபைக் குருவுமான சார்ல்ஸ் கிங்ஸ்லி கண்டார். இறைவன் பாறைகளில் பொய்யை எழுதிவைத்தான் எனத் தம்மால் நம்பவியலாது என்று மடல் எழுதி, மதிப்புரை தர மறுத்தார். சாட்சியின் வாய்மையில் ஐயம் தோன்றின் சாட்சியம் நில்லாது என்பதை ஃபிக்ஹு கற்றோர் அறிவர். படைப்பு பொய்யுரைக்குமாயின், வேதத்தை மட்டும் எங்ஙனம் நம்புவது?

அதே கிங்ஸ்லி டார்வினின் நூலை வரவேற்றார். தாமே வளரும் ஆற்றலுடன் சில ஆதி வடிவங்களை இறைவன் படைத்தான் என்பதும் உயர்ந்த இறைக்கொள்கையே என்றார். 1860-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டார்வின் அவர் பெயரைக் குறியாது அக்கருத்தைச் சேர்த்துக்கொண்டார்.

கிங்ஸ்லியின் வழியும் இடரற்றதன்று. ஆதாமின் பாவத்தால் மரணம் உலகில் நுழைந்தது என்பது பவுலின் போதனை. மனிதனுக்கு முன்னரே எண்ணிறந்த உயிர்கள் மடிந்தன என்பது பாறைகளின் கூற்று. அம்மரணம் மனிதனின் மரணம் மட்டுமே என்பர் சிலர். ஆன்மாவின் மரணமே என்பர் வேறு சிலர். விவாதம் இன்றும் ஓயவில்லை. எனினும் அது விடை தேடத்தக்க இடர். கோஸின் வழியிலோ தேடலுக்கே இடமில்லை. வேதத்தின் சொல்லைக் காக்க முனைந்த அவர், அதனை அருளியவனின் வாய்மையைக் காக்கத் தவறினார் என்பதே நம் முடிபு.