பாணன் உண்ட சோறு

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு கட்சி. காபி கழுநீர், சாதம் அரைவேக்காடு, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது என்று புலம்புவது ஒரு கட்சி. அமிர்தமாக இருந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கோபுரத்தைப் பார்க்கப் போய்விடுவது இன்னொரு கட்சி. இரண்டிலும் எழுதுகிறவருடைய நாக்கைத் தவிர வேறு யாரும் இல்லை. சமைத்தவள் யார், அவளுக்கு அரிசி எங்கிருந்து வந்தது, உலையில் வைத்த தண்ணீர் உப்பா நல்ல தண்ணீரா என்ற கேள்விகளை இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பதில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்தையும் மாமல்லபுரக் கரையையும் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தக் குறை எனக்கு அதிகமாக உறுத்துகிறது. நம் வாசகர்களில் பெரும்பாலோர் மாமல்லபுரத்தை முதலில் கண்டது கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில். அதனால் அந்த ஊர் என்றாலே உளியும் கல்லும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆனால் பல்லவர்கள் அங்கே கல்லில் உளி வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அந்தச் சீமையில் ஊர் ஊராகச் சாப்பிட்டுக்கொண்டே போகிற ஒரு பிரயாணத்தை ஒரு கவிஞர் எழுதி வைத்துவிட்டார். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையைச் சொல்கிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்றான இதற்கு ஐந்நூறு அடிகள். 1889-ல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாளிலிருந்து இது அச்சில் இருக்கிறது. ஆனாலும் கதை படிக்கிறவர்கள் இதைப் பண்டிதர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். பாட்டின் விஷயம் அவ்வளவுதான். வழி என்றால் மைல் கணக்கு அல்ல. இந்த இடத்தில் இன்னார் வீடு, அங்கே உனக்கு இன்ன சோறு கிடைக்கும் என்பதுதான் அவன் சொல்லும் வழி.

ஸ்பெயின் தேசத்து நகரங்களில் மாலை வேளையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தட்டுத் தின்பண்டமும் ஒரு குவளை மதுவுமாகப் பொழுது போக்குவார்களாம். ‘தாபாஸ்’ என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லுக்கு மூடி என்று பொருள். அதை அனுபவித்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் இப்போது நம்மிடமும் உண்டு. உருத்திரங்கண்ணனாரின் பாணனும் அப்படித்தான் வீடு வீடாக ஏறி இறங்குகிறான். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவன் மடியில் காசு இல்லை. ருசி பார்க்க அல்ல, பசி தீர்க்கவே அவன் நடக்கிறான்.

பாட்டின் பந்தியைப் பாருங்கள். எயினர் குடிசையில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும் தேக்கிலையில் வைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய அரணுக்குள் போனால் மேட்டு நிலத்துச் சிவப்பரிசியும், நாய் பிடித்து வந்த உடும்பின் வறுவலும். இடையர் குடியில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்புப் புழுக்கல். வயல்புறத்து ஊரில் வெண்ணெல் சோறும் வீட்டுக் கோழியும். வழியில் ஆலையிலே கருப்பஞ்சாறு. வலைஞர் வீட்டில் சுட்ட மீனும், அரிசிக் கூழை இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் புளிக்கவிட்டு விரலால் பிழிந்தெடுத்த கள்ளும். அந்தணர் வீட்டில் ஒரு பறவையின் பெயரைத் தாங்கிய நெல்லின் சோறு, வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சு, அதில் மிளகுப்பொடி, கறிவேப்பிலை, தொட்டுக்கொள்ள மாவடு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் மந்தாரை இலையில் வேகும் இட்லியிலும் மிளகு வாசனைதான் முன்னே நிற்கிறது. ஆனால் இரண்டுக்கும் உறவு கற்பிக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

பிறகு நீர்ப்பெயற்று என்ற துறைமுகம். இது மாமல்லபுரமே என்பது ஒரு கட்சி. பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகே, 1970-ல் தோண்டிப் பார்த்த வசவசமுத்திரம் என்பது இன்னொரு கட்சி. எப்படியானாலும் அதே கரைதான். குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் ஏற்றி வந்த கப்பல்கள் நிற்கின்றன. மாடி வீடுகளும் கலங்கரை விளக்கும் தெரிகின்றன. அங்கே கிடைப்பது, அரிசி மாவு ஊட்டிக் குழியில் வைத்துப் பல நாள் கொழுக்க வளர்த்த பன்றியின் இறைச்சியும் கள்ளும். காட்டில் உடும்பைப் பிடித்துத் தின்கிறார்கள்; துறைமுகத்தில் மிருகத்துக்கே அரிசி மாவு ஊட்டுகிறார்கள். செல்வம் என்ற சொல் இல்லாமலே பணக்கார ஊர் வந்துவிட்டதென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாவல் எழுதுகிறவன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இதெல்லாம் அரசனைப் புகழ எழுதியதுதானே, இதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இளந்திரையன் நாட்டில் வழிப்பறி இல்லை என்கிறார் கவிஞர். அதோடு நிற்காமல் இடி இடிக்காது, பாம்பு கடிக்காது, காட்டு மிருகம் தொல்லை செய்யாது என்றும் சேர்த்துக்கொள்கிறார். எந்தச் சர்க்காரின் விளம்பர இலாகாவும் இவ்வளவு தூரம் போனதில்லை. போகிற வீடெல்லாம் சோறு போடுகிறது. ஒரு கதவும் சாத்தவில்லை; ஒருத்தியும் இன்று அடுப்பு மூட்டவில்லை என்று சொல்லவில்லை. இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் அரசனைப் புகழும் அதே கவிஞர், அந்த எயினர் வீட்டில் எதையெதைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அந்தப் பெண் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறாள். புழுதி அவள் மேல் படிகிறது. தரையில் குழித்த உரலில் குத்துகிறாள். ஆழக் கிணற்றில் ஊறும் கொஞ்சம் உப்புத் தண்ணீரை மொண்டு வருகிறாள். பானை வாய் உடைந்தது, அடுப்பும் உடைந்தது. நாட்டில் குறையே இல்லை என்று பாட்டு சொல்கிறது. குறை உண்டு என்று பானை சொல்கிறது. புகழ்வதற்கு உட்கார்ந்த கவிஞர் பானையின் உடைந்த வாயை மறைக்கவில்லை. அந்தப் பானைக்காகவே மற்றதையும் நான் நம்பத் தயாராக இருக்கிறேன்.

கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியும் இல்லை. இடைச்சி மோர் விற்றுக் கிடைத்த தானியத்தில் குடும்பத்துக்கு அன்னம் போடுகிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள்; எருமையாக, பசுவாகக் கொடு என்கிறாள். அவளுடைய பொருளாதாரம் முழுவதும் இரண்டு வரிக்குள் வந்துவிட்டது. உமணர்களின் உப்பு வண்டியில் கைக்குழந்தைக்காரி மாட்டை ஓட்டுகிறாள்; ஊறுகாய்ப் பானை கயிற்றில் தொங்குகிறது. உழவர் வீட்டுக் குழந்தைகள் பழஞ்சோறு அலுத்துப்போய் அவல் இடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கிளிகள் மிரளுகின்றன. குழந்தைக்குப் பழையது அலுத்துப்போகும் என்பதை வீட்டுக்குள் புழங்கினவர்தான் எழுத முடியும்.

அந்தணர் வீட்டுக் காட்சியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். கோழியும் நாயும் அண்டாத வீடு என்கிறார். அவ்வளவு ஆசாரம். ஆனால் காட்டில் உடும்பும் கரையில் மீனும் கள்ளும் சாப்பிட்டுவிட்டு வருகிற பாணனுக்கு அந்த வீட்டிலும் சோறு உண்டு. நாயைத் தள்ளி வைத்தார்கள், மனிதனைத் தள்ளி வைக்கவில்லை. பின்னால் வந்த காலம் என்ன செய்தது? 1957-ல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பாட்டில் உள்ளது நடந்ததோ, கவிஞரின் ஆசையோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆசையாகவே இருந்தாலும், பின்னால் வந்தவர்கள் அந்த ஆசையைக்கூட இழந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

கடைசியாக ஒரு தின்பண்டம். காஞ்சியை நெருங்கும்போது ஒரு மடு வருகிறது. தண்ணீரில் பூக்கள் விழுந்து கிடப்பது, அப்பம் சுடுகிற கூவியர் பாகில் செய்த பணியாரம் பாலில் மிதப்பதைப்போல் இருக்கிறதாம். பாட்டிலேயே இனிப்பான பண்டம் இதுதான். ஆனால் இது உவமையில்தான் வருகிறது. பாணனின் இலையில் வரவில்லை. சோறு வீட்டில் வேகிறது, கேட்டால் கிடைக்கும். பணியாரம் கடையில் வேகிறது, காசு வேண்டும். காசில்லாதவன் கடைப்பண்டத்தைக் கண்ணால்தான் தின்பான். கவிஞர் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குளத்தைப் பார்த்தால் பணியாரம் ஞாபகம் வருவது பசித்தவனுக்குத்தான்; வயிறு நிறைந்தவனுக்குக் குளம் குளமாகத்தான் தெரியும்.

இன்று கடற்கரைக் கோவிலுக்குப் பக்கத்துக் கடைகளில் மீன் பொரிகிறது; கோடையில் சாலையோரம் நுங்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், எழுதுகிறவர்கள் எழுதட்டும். மீன் மொறுமொறுப்பாக இருந்தது என்பதோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம். எந்தப் படகில் வந்தது, யார் கழுவினார்கள், எண்ணெய்ச் சட்டியின் விளிம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பண்டத்தை வாங்கக் காசில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவனும் கட்டுரைக்குள் வரட்டும். ஐந்நூறு அடிக்குள் உருத்திரங்கண்ணனார் அவனுக்கு இடம் வைத்திருந்தார்.