லீற்றர் கணக்கில் ஒரு தீவின் மின்சாரம்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச் 1 ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. சீன நிறுவனமொன்றுக்கு 2021 இல் போன வேலை இந்தியக் கொடைக்குக் கைமாறிய கதையைப் பத்திரிகைகள் பேசி ஓய்ந்துவிட்டன. திட்டத்தின் எண்களை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை: காற்றாலை 530 கிலோவாட், சூரியப்படல் 1,700 கிலோவாட், மின்கலம் 2,400 கிலோவாட்மணி, இவற்றுக்குத் துணையாக 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கிகள். புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டம் எதுவானாலும் இப்படிப்பட்ட எண்களைக் குதிரைவலுவாகவோ டீசல் லீற்றராகவோ எண்ணெய்த் தொன்னாகவோ மாற்றிச் சொல்வது இப்போது ஒரு மோஸ்தர். சனங்களுக்கு விளங்கவேண்டாமா, வெறும் பெருக்கல்தானே என்று அதற்கு நியாயமும் சொல்லப்படுகிறது.

அலகுக்கு அலகு மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை. வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று நிலையான விகிதத்தில் மாறும் என்பதை யூல் 1840களிலேயே அளந்து காட்டினார். வெப்பத்துக்கும் யூலையே அலகாக்க 1948 இல் உலக நாடுகள் இணங்கின. கலோரி 4.184 யூலா 4.1868 யூலா என்ற வழக்கால் எவருடைய விளக்கும் அணையாது. வள்ளத்து எஞ்சினின் குதிரைவலு 746 வாட்டா 735.5 வாட்டா என்பதும் அப்படித்தான், நூற்றுக்கு ஒன்றரை கூட வித்தியாசம் வராது. (நெடுந்தீவில் இன்னும் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் இரண்டு கணக்குக்கும் கட்டுப்படா.) எரிபொருள் கடல்வழியே வந்து இறங்கவேண்டிய ஊரில் லீற்றர் என்றால் யாருக்கும் சட்டென்று விளங்கும் என்பதும் சரிதான்.

ஆனால் லீற்றர் சக்தியின் அலகல்ல. ஒரு லீற்றர் டீசலை எரித்தால் ஏறத்தாழ 36 மெகாயூல், அதாவது 10 கிலோவாட்மணி வெப்பம் வரும். அதே லீற்றரை மின்பிறப்பாக்கியில் ஊற்றினால் கையில் கிடைப்பது மூன்று, மூன்றேகால் கிலோவாட்மணி மின்சாரம். மிச்சம் புகையாகவும் சூடாகவும் போய்விடும். இப்போது அந்த 2,400 கிலோவாட்மணி மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பக் கணக்கில் அது 240 லீற்றர் டீசல். மின்பிறப்பாக்கிக் கணக்கில் சுமார் 750 லீற்றர். இரண்டையும் 'சமம்' என்றே எழுதுவார்கள், இரண்டிலும் பெருக்கல் பிழை இராது. எண்ணெய்த் தொன்னிலும் இதே கூத்துத்தான். பத்து இலட்சம் கிலோவாட்மணி மின்சாரம் வரைவிலக்கணப்படி 86 தொன் எண்ணெய். அனல் நிலையமொன்றின் வினைத்திறனை 36 வீதமாகக் கொண்டு கணக்கிட்டால் அதுவே 239 தொன்னாகிவிடும். திட்டத்தைப் பெரிதாகக் காட்ட விரும்புகிறவர் ஒன்றை எடுப்பார், சிறுமைப்படுத்த விரும்புகிறவர் மற்றதை எடுப்பார். எதை எடுத்தோம் என்று இருவரும் சொல்லமாட்டார்கள். கிலோவாட்டை மட்டும் கூட்டிச் சொல்கிறவர்கள் இன்னும் மோசம். 1,700 கிலோவாட் சூரியப்படல் நாளொன்றுக்கு நாலு மணிநேர முழுவெயிலுக்கு ஈடாக உழைத்தால் 6,800 கிலோவாட்மணி தரும். 2,500 கிலோவாட் மின்பிறப்பாக்கி, டீசல் இருக்கும்வரை, நாளொன்றுக்கு 60,000 தரவல்லது. இரண்டையும் குதிரைவலுவாக்கி அருகருகே வைத்தால் இந்த ஒன்பது மடங்கு இடைவெளி காணாமல் போய்விடும்.

மின்பிறப்பாக்கியின் வினைத்திறனைச் சேர்த்து, சராசரியாக ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். பெரிய மின்வலையமைப்பில் ஓரளவு போதும். தேசிய வலையமைப்போடு இணையாத தீவில் போதாது. இரவு இரண்டு மணிக்கு ஊர் தூங்கும்போது காற்றாலை 50 கிலோவாட் தருகிறது என்று வைப்போம். மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டேயிருந்தால், குறைந்த சுமையிலும் அது எண்ணெய் குடிக்கும். சுமை மிகவும் இறங்கினால் இயந்திரத்துக்கே கேடு என்பதால் காற்றாலையைத்தான் தணிக்க நேரும். அப்போது மிச்சமாகும் டீசல் சராசரி சொல்வதைவிட நன்றாகக் குறைவு. மின்கலத்தின் துணையோடு மின்பிறப்பாக்கியை முழுதாக நிறுத்த முடிந்தாலோ, வீணாகிக்கொண்டிருந்த எண்ணெயும் சேர்ந்து மிச்சமாகும். ஒரே கிலோவாட்மணிக்கு ஒரே இரவில் இரண்டு விலை. சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றாலை சுழன்று தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் தளர்ந்து வானமும் மூடிக்கிடந்தால், முழுதாக ஏற்றிய மின்கலமும் சராசரியாக 200 கிலோவாட் சுமையைப் பன்னிரண்டு மணிநேரந்தான் தாங்கும். ஆண்டுக்கு இத்தனை தொன் எண்ணெய் மிச்சம் என்ற ஒற்றை எண் அந்த மாதங்களைச் சோளக மாதங்களோடு கலந்து மறைத்துவிடுகிறது. அவசர காலத்துக்கு எவ்வளவு டீசலை முன்கூட்டியே இறக்கிவைக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு அந்த எண் உதவாது. உதவாததோடு நிற்காமல், குறைவாக இறக்கச் சொல்லித் தவறான தைரியத்தையும் கொடுக்கும். லீற்றரில்தான் சொல்வோம் என்று அடம்பிடிப்பவர்கள் எந்த மின்பிறப்பாக்கி, எத்தனை வீதச் சுமை, எந்த மாதம் என்பதையும் அதே வரியில் எழுதட்டும். முடியாவிட்டால் கிலோவாட்மணியோடு நிறுத்திக்கொள்ளட்டும். மாதாமாதம் மின்பட்டியலில் எத்தனை யுனிட் என்று பார்த்துக் காசு கட்டும் சனங்களுக்கு அது விளங்காது என்பவர்கள் எந்தச் சனங்களைச் சொல்கிறார்களோ தெரியவில்லை.