பெயரொற்றுமையும் ஆளொற்றுமையும்

பெயர் என்பது ஒருவனைப் பிறரினின்றும் பிரித்தறிதற்கு இடப்படுவது. அதுவே பலரை ஒருவராக மயங்கச் செய்தற்கும் காரணமாதல் உலகியலிற் காணப்படுகின்றது. மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கற் சாலையில் விளாங்குடி என்னும் ஊர் உளது. 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அரியலூரைச் சார்ந்தும் விளாங்குடி என ஓர் ஊர் உண்டு. ஆதலின், பழைய பத்திரம் ஒன்றில் 'விளாங்குடிச் சொக்கலிங்கம்' என்று மாத்திரம் எழுதப்பட்டிருப்பின், அவன் எவ்வூரினன் என்பது துணியலாகாது. ஊரைத் துணிந்தவழியும் ஆளைத் துணிதல் அரிது. ஆலவாய்ப் பெருமானையும் அங்கயற்கண்ணம்மையையும் வழிபடும் நாட்டிற் சொக்கலிங்கம், சுந்தரம், மீனாட்சி என்னும் பெயர்கள் தெருத்தோறும் வழங்குவன. பாட்டன் பெயரை மகன் பிள்ளைக்கு இடுவதும் தமிழர் வழக்கு. பெயரன் என்னுஞ் சொல்லே அதற்குச் சான்று. ஆகவே ஒரு குடியிலேயே ஒரு பெயர் தலைமுறை இடையிட்டு மீண்டும் மீண்டும் வருதல் இயல்பாம்.

இன்னதோர் இடர்ப்பாட்டினை நீக்கும் நெறி நம் சாத்திரத்திலேயே உளது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியிற் பொதுவியல்பு வேறு, தன்னியல்பு வேறு என வகுத்தருளினார். பிற சாதியினின்று நீக்கித் தன் இனத்தோடு ஒப்ப நிற்பது பொதுவியல்பு. தன் இனத்தினின்றும் நீக்கி அப்பொருள் ஒன்றனையே காட்டுவது தன்னியல்பு. பெயர் பொதுவியல்பின் பாற்படும். தந்தை, ஊர், தொழில், காலம், பாடிய பொருள் என்பன கூடியவழியே தன்னியல்பு புலப்படும். பொதுவியல்பை மாத்திரம் கண்டு ஆளைத் துணிதல் கயிற்றை அரவெனக் கொள்ளுந் திரிவுக்காட்சியோடு ஒக்கும்.

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்த பெரியோர் இதனை நன்கறிந்திருந்தனர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என ஊரும் தொழிலும் தந்தையும் சேர்த்து வழங்கியது வீண் அலங்காரம் அன்று; ஒருபெயர்ப் பலரை வேறு பிரித்தற்கு இட்ட வேலியாம். 1940-ஆம் ஆண்டிற் சைவ சித்தாந்த மகாசமாஜத்தார் சங்கப் பாட்டுக்களைப் புலவர் வரிசைப்படி அச்சிட்டனர். 2381 பாட்டுக்களுள் 102 பாட்டுக்களைப் பெயர் தெரியாதனவாகவும், ஏனையவற்றை 473 புலவர்க்கு உரியவாகவும் வகுத்தல் எத்துணைக் கடினம் என்பது, அடைமொழி ஓரிடத்து உண்டாய் ஓரிடத்து இல்லையாய் வருமிடங்களை நோக்குவார்க்கு விளங்கும்.

இனி, சைவ உலகம் உற்று நோக்கற்பாலது நக்கீரர் செய்தி. பதினொராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் அருளியனவாகப் பத்துப் பிரபந்தங்கள் உள்ளன. அவற்றுள் திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டினும் முதற்கண் நிற்பது. ஏனைய ஒன்பதையும் அதனோடு ஒப்ப நோக்கின் வேற்றுமை தெற்றெனப் புலனாம். திருவலஞ்சுழி மும்மணிக்கோவையிற் பயிலும் கட்டளைக் கலித்துறை, பத்துப்பாட்டு எட்டுத்தொகைகளுள் யாண்டும் வாராத யாப்பு. அந்தாதி, மும்மணிக்கோவை, எழுகூற்றிருக்கை என்னும் பிரபந்த வகைகளும் பிற்காலத்து எழுந்தன. கண்ணப்பதேவர் திருமறம் கூறும் வரலாறும் தொகை நூல்களிற் காணப்படாதது. மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை பாடிய கபிலதேவரும் அத்தன்மையரே. பாரியின் தோழராகிய கபிலர் பாட்டுக்களில் மூத்த பிள்ளையார் வழிபாடு இல்லை. இறையனார் களவியல் உரையோ, நக்கீரர்பாற் றோன்றி மாணாக்கர் வழிவழியாக வாய்மொழியாற் பயின்று முசிறி ஆசிரியர் நீலகண்டனார்பால் வந்தது எனத் தன்னையே கூறுகின்றது. ஆகவே நக்கீரர் என்னும் ஒரு பெயரின்கீழ்ச் சங்கப் புலவரும், திருமுறை ஆசிரியரும், உரைமரபின் தலைவரும் வந்து கூடினர்.

அற்றேல், திருவிளையாடற் புராணம் சங்கத்து நக்கீரரே பொற்றாமரையிற் படிந்து கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி முதலியன பாடினார் எனக் கூறுமாலோ எனின், புராணம் எடுத்துக்கொண்ட பொருள் அருட்செய்தி, ஆண்டுக்கணக்கு அன்று. செருக்குற்ற புலமை இறைவன் திருமுன் அடங்கிப் பாடலாக மலர்ந்தது என்னும் உண்மையை ஒருவர் வரலாற்றில் வைத்துக் காட்டுதல் அதற்கு இயையும். அதனைக் கொண்டு காலம் வரையறுத்தலும், காலவரையறையைக் கொண்டு அதனைப் பழித்தலும் ஒருங்கே பிழையாம்.

பிரித்துரைப்பின் திருமுறையின் பெருமை குறையும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் வேண்டா. திருமுறை திருமுறையாயது அதன் பழமையால் அன்று, திருவருளால். காரைக்காலம்மையார் பாடலும், அவர்க்குப் பன்னூற்றாண்டு பின் வந்த நம்பியாண்டார் நம்பிகள் பாடலும் அப்பதினொராந் திருமுறையிலேயே ஒருங்கு நிற்கவில்லையா? மற்று, இருவரை ஒருவராக்குவதனால் வருங் கேடே பெரிது. ஈங்கோய்மலையை எழுபது வெண்பாவாற் பாடிய அடியார் ஒருவர் தமக்கென வரலாறின்றிப் பிறர் ஒருவர் புகழினுள் மறைந்தொழிகின்றார். அடியார்க்கும் அடியேன் என்பாரை வழிபடும் சமயத்தார் ஓர் அடியாரைக் கணக்கினின்றும் விடுதல் தகுமோ?

கல்வெட்டுக்களிலும் இம்மயக்கம் நேர்ந்துளது. மதுரைக்கு வடகீழ்பால் ஆனைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கலியாண்டு 3871, அஃதாவது கி.பி. 770-ஐச் சார்ந்த சாசனம் உளது. பராந்தக பாண்டியனுடைய மந்திரியாகிய மாறன் காரி, மதுரகவி எனப் புகழப்பெற்றவன், அக்கோயிலை எடுத்தான் என்றும், அவன் நீர்தெளிக்குமுன் இறப்ப, அவன் தம்பி மாறன் எயினன் முடித்தான் என்றும் அது கூறும். மதுரகவி, மாறன், காரி என்னும் மூன்று பெயரையுங் கண்டு இவனை மதுரகவியாழ்வாராகக் கருதினாரும் உளர். ஆயின் மந்திரியோ கரவந்தபுரத்து வைத்தியர் குடியினன். ஆழ்வாரோ பொருநைக்கரைத் திருக்கோளூர் அந்தணர். நம்மாழ்வார் காரியின் மகன் மாறன். சாசனத்தவனோ மாறன் மகன் காரி. பெயர் ஒத்தது, ஊரும் குடியும் முறையும் ஒவ்வாவாயின.

இதற்கு மாறாக, ஒற்றுமை நிலைபெறும் இடமும் உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூவரை முறையே கூறுகின்றது. ஐராவதம் மகாதேவன் இம்மூவரைப் பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துக்களின் தலைவராகிய இரும்பொறை மரபினரோடு இயைத்துக் காட்டினார். ஈண்டு ஒத்தது ஒரு பெயர் அன்று. குடிப்பெயரும், தலைமுறை வரிசையும், சேரர்க்குரிய கரூர்ப் புறமும் ஒருங்கே ஒத்தன. பிற்காலப் பாண்டியர் செய்தியும் இந்நெறியதே. சடையவர்மன் சுந்தர பாண்டியன் என்னும் பட்டமும் பெயரும் உடையார் ஒருவர் அல்லர். சாசனத்துத் திதி, வாரம், நட்சத்திரங்களைக் கணித்தே அவர்களை ஆராய்ச்சியாளர் பிரித்தனர். அப்பணிக்கு எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள் வகுத்த பஞ்சாங்கக் கணிதம் பேருதவியாயிற்று.

எனினும், ஐயம் ஒன்றே பற்றி ஒருவரைப் பலராக்குதலும் நெறியன்று. பாடுபொருள் மாறியது கொண்டே ஆள் மாறினார் எனின், அகமும் புறமும் பாடிய புலவர் அனைவரும் இருவராவர். பிரிப்போர் காலமுரணோ இடமுரணோ யாப்புமுரணோ காட்டுதல் வேண்டும். சேர்ப்போர் பெயரின் வேறாகிய இரண்டொரு தன்னியல்பேனும் காட்டுதல் வேண்டும். இரண்டும் இல்வழி, ஐயம் எனவே விடுத்தல் அறிவுடைமை.

இக்காலத்துப் பழைய நூல்களும் சாசனத் தொகுதிகளும் கணினியில் ஏறியுள்ளன. ஒரு பெயரை இட்டால் இமைப்பொழுதில் நூறிடங்களை அது காட்டும். அது காட்டுவது எழுத்தொற்றுமையே; ஆளொற்றுமை அன்று. நக்கீரன், நக்கீரர், நக்கீரதேவர் என எழுத்து வேறுபடின் ஒருவரையே விட்டொழியவும், எழுத்து ஒப்பின் மூவரை ஒன்றாக்கவும் அது வல்லது. முன்னோர் ஓலை புரட்டி ஓராண்டிற் செய்த பிழையை இன்று ஒரு நொடியிற் செய்தல் கூடும். விரைவு பெருகப் பெருகத் தன்னியல்பு நாடும் பொறுமையும் பெருகல் வேண்டும்.

பெயர் தெரியாத 102 பாட்டினையும் தமிழர் எறிந்துவிடவில்லை, பெயரின்றியே போற்றினர். ஒருபெயர்ப் பலரையும் அவ்வாறே ஒவ்வொருவராக அறிந்து போற்றுதல் புலவர்க்குக் கடன். அடியார் திறத்தில் அது தொண்டுமாம்.