ரெபிபியாவில் சீசர்

ரோம் நகரின் ரெபிபியா சிறையில், உயர் பாதுகாப்புப் பிரிவுக் கைதிகளுக்கு நாடகம் பயிற்றுவித்தவர் இயக்குநர் ஃபாபியோ கவல்லி. அங்கே கைதிகள் தாந்தேயின் ‘நரகம்’ காவியப் பகுதிகளை ஒப்பித்ததைக் கேட்ட பாவ்லோ, விட்டோரியோ தவியானி சகோதரர்கள், அவர்களை வைத்தே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் படமாக்கினார்கள். ‘சீசர் சாக வேண்டும்’ என்ற அந்த 76 நிமிடப் படம் 2012இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்றது.

நாடகத் தேர்விலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. கூடிப் பேசிச் சதி செய்வது, தலைவனைக் கொல்வது, கொன்றதற்கு நியாயம் சொல்வது என்றே கதை நகர்கிறது. நடித்தவர்களில் பலர் மாஃபியா, கமோரா போன்ற கும்பல்கள் தொடர்பான வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். விசுவாசமும் துரோகமும் அவர்களுக்கு ஏட்டில் படித்த விஷயங்கள் அல்ல.

பாத்திரத் தேர்வுக்கு எளிய சோதனை ஒன்று வைக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் பெயர், பிறந்த ஊர், தந்தை பெயர் முதலியவற்றை இரண்டு முறை சொல்ல வேண்டும்: முதலில் மனைவியைப் பிரியும் துயரத்தோடு, பிறகு கோபத்தோடு. விவரம் ஒன்றே, குரலும் உடலும் மட்டும் மாறுகின்றன. நடிப்பின் அடிப்படைப் பாடம் இந்தச் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது.

அடுத்த சிறப்பு மொழி. செம்மையான இத்தாலிய மொழியை விட்டு, நேப்பிள்ஸ்காரர், சிசிலிக்காரர் என அவரவர் ஊர்ப் பேச்சிலேயே வசனம் சொல்ல விடப்படுகிறார்கள். மனப்பாடம் செய்த விறைப்பு இதனால் வசனத்தைவிட்டுப் போகிறது. செவ்வியல் நாடகமும் தன் கம்பீரத்தை இழப்பதில்லை.

சிறை அரங்கில் சீரமைப்பு வேலை நடப்பதால், ஒத்திகை நடைவழிகளிலும் அறைகளிலும் முற்றத்திலும் நடக்கிறது. கொல்லப்பட்ட சீசரின் உடலருகே அவருடைய நண்பன் ஆண்டனி பேசும்போது, சன்னல் கம்பிகளுக்குப் பின்னால் நின்று குரலெழுப்பும் கைதிகளே ரோமாபுரி மக்களாகிறார்கள். தனியாக அரங்க அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஒத்திகைகள் கறுப்பு வெள்ளையிலும் மேடைக் காட்சிகள் வண்ணத்திலும் வருகின்றன. ஒத்திகையின் நடுவே வசனம் தடம் மாறி நடிகர்களின் சொந்தச் சண்டையாகும் இடங்களும் உண்டு. ஆவணப்படம் போலத் தோன்றினாலும் இவை திட்டமிட்டு எழுதி எடுக்கப்பட்டவை. கைதி தன்னையே ஒரு பாத்திரமாக நடிக்கிறான் என்பதால், வாழ்க்கைக்கும் வேடத்துக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பார்வையாளரால் எளிதில் இனம்காண முடிவதில்லை. படத்தின் தனிச்சுவை இதுவே.

சதிகாரர்களில் ஒருவனான புரூட்டஸாக நடித்த சால்வதோரே ஸ்த்ரியானோ, ரெபிபியாவில் கைதியாக இருந்தபோது நாடகத்துக்கு வந்தவர். விடுதலையாகித் தொழில்முறை நடிகரான பிறகு, இந்தப் படத்துக்காக அதே சிறைக்கு நடிகராகத் திரும்பினார். மற்ற நடிகர்களோ, கைதட்டல் ஓய்ந்ததும் காவலர்களோடு தத்தம் அறைகளுக்குப் போகிறார்கள். கலை தண்டனையைக் குறைப்பதாகப் படம் எங்கும் சொல்லவில்லை. அடைபட்ட மனிதருக்குள் தேர்ந்த நடிகர் இருக்க முடியும் என்பதை மட்டும் அது ஐயமறக் காட்டுகிறது.