சமூகவியல் நூல்களும் தமிழ்ச் சொற்களும்: மோதி பாக் குடியிருப்பை முன்வைத்து

தற்காலச் சமூகம், அரசியல், மனித உறவு ஆகியன பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்கள் அண்மைக் காலத்தில் மிகுதியாகத் தமிழாக்கம் பெற்று வருகின்றன. இராமச்சந்திர குஹாவின் விடுதலைக்குப் பிந்திய இந்திய வரலாற்றை ஆர். பி. சாரதியும், யுவால் நோவா ஹராரியின் நூல்களை நாகலட்சுமி சண்முகமும் தமிழில் தந்துள்ளனர். முன்னர்ச் சிற்றிதழ்களுக்குள் அடங்கியிருந்த கலைச்சொற்கள் இதனால் பொது வாசகர் கைக்கு வந்துள்ளன. சிற்றிதழ் வாசகர் மூலநூலின் வாதத்தை வேறு வழிகளிலும் அறிந்திருப்பர். பொது வாசகருக்கோ தமிழ்ச் சொல்லே வாதம். சொல் பிறழுமாயின் வாதமே தலைகீழாகி விடுகிறது.

இச்சொற்களை அகராதியில் வைத்துப் பார்ப்பதினும், ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். தில்லியின் மோதி பாக் அதற்கு ஏற்ற இடம். இது நடுவணரசு ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. இங்கு அண்டை வீட்டாரை எவரும் தேர்ந்துகொண்டதில்லை. சம்பள நிலைக்கேற்ற வீட்டு வகையும் காத்திருப்போர் வரிசையுமே அவர்களைத் தேர்ந்தன. 1923இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்குள்ளது. 1946இல் நிறுவப்பெற்ற தில்லித் தமிழ்ச் சங்கம் அருகிலுள்ள இராமகிருஷ்ணபுரத்தில் இயங்குகிறது. பின்னாளில் பழைய வீடுகளின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, உயர் அலுவலர்க்கான புதிய மோதி பாக் எழுந்தது.

இத்தகைய இடத்தில் வாழ்வோரை எச்சொல்லால் குறிப்பது? 'சமூகம்' என்பது உடனே நாவில் வரும். ஆயின் பேச்சு வழக்கில் 'எந்தச் சமூகம்?' என்னும் வினா சாதியையே வினவுகிறது. 1887இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் டோனீஸ் வேறுபடுத்திக் காட்டிய இரண்டனையும், அதாவது பிறப்பாலும் மண்ணாலும் அமைந்த நெருங்கிய கூட்டத்தையும் ஒப்பந்தத்தாலும் பயன் கருதியும் அமைந்த பரந்த அமைப்பையும், தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. 'சமுதாயம்' என்னும் சொல் கைவசம் உண்டு. தஞ்சைப் பகுதியில் நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த ஊர்கள் சமுதாயக் கிராமங்கள் எனப்பட்டன. பொதுவுடைமைச் சாயலை இன்னும் முற்றிலும் இழந்துவிடாத இச்சொல்லை, மொழிபெயர்ப்பாளர் பலர் 'சமூகம்' என்பதன் மாற்று வடிவாக மட்டுமே கையாள்வது இழப்பே. 'வகுப்பு' என்பதன் நிலை இன்னும் இடர்ப்பாடானது: பள்ளியில் ஒரு பொருள், வர்க்கம் பற்றிய எழுத்தில் ஒரு பொருள், வகுப்புக் கலவரத்தில் மற்றொரு பொருள்.

மிகப் பெரிய பிறழ்ச்சி பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் வெளியிட்ட தேசியம் பற்றிய நூலின் தலைப்பைச் சார்ந்தது. அத்தலைப்பின் அடைமொழி தமிழ் விவாதங்களில் 'கற்பிதம்' என வழங்கலாயிற்று. கற்பிதம் என்பது இல்லாததை ஏற்றிக் கூறல். வேதாந்த வழக்கில் கயிற்றில் தோன்றும் பாம்பு. ஆண்டர்சனோ இப்பொருளை வெளிப்படையாக மறுத்தவர். தேசியத்தைப் புனைவாகவும் பொய்யாகவும் கண்டமைக்காகவே அவர் எர்னஸ்ட் கெல்னரைக் குறைகூறினார். ஒருவரையொருவர் ஒருநாளும் காணாதோர் தம்மை ஒரு கூட்டத்தினராக எண்ணுதல் என்பதே அவர் கருத்து. முகமறிந்த சிற்றூருக்கும் இது ஒருவேளை பொருந்தலாம் என்றார். 'தேசம் ஒரு கற்பிதம்' எனத் தமிழில் எழுதியோர் அவரைத் துணைக்கழைத்து அவர் மறுத்ததையே நிறுவினர். அரசியல் நிலைப்பாடாக அதனைக் கொள்வதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆண்டர்சன் பெயரால் கொள்ளுதல்தான் பொருந்தாது.

மாற்றுச் சொல் எளிதில் கிட்டுவதன்று. 'பாவித்தல்' நெருங்கி வருகிறது: அயலார் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பாவிப்பவர் பொய்யுரைப்பவர் அல்லர். எனினும் 'பாவனை' என்னும் பெயர்ச்சொல் பாசாங்கையும் குறிக்கும். இலங்கைத் தமிழிலோ அது பயன்பாடு என்றே பொருள்படும். அங்குப் பாவனையாளர் எனப்படுபவர் நுகர்வோர். ஆதலின் பெயரடையைத் தவிர்த்து, 'தம்மவராகப் பாவித்தல்' என வினைவடிவில் விரித்துரைப்பதே தக்கது. தலைப்பின் சுருக்கத்தை இழந்தேனும் வாதத்தைக் காத்தல் நன்று.

அதே நூலில் அரசு ஊழியரின் பணிப்பயணங்கள் யாத்திரைக்கு ஒப்பிடப்படுகின்றன. வழியில் சந்திக்கும் சக ஊழியரைக் கண்டு, நாம் ஏன் இங்கு ஒருங்கே இருக்கிறோம் என்னும் வினா எழுகிறது. மாற்றல் உத்தரவோடு மோதி பாக் வந்த எழுத்தருக்கு இவ்வினா புதிதன்று. இப்பகுதியை மொழிபெயர்ப்பவர் 'யாத்திரை'யோடு 'மாற்றல்' என்னும் அலுவலகச் சொல்லையும் அருகில் வைத்தால் உவமை உயிர்பெறும்.

அசுதோஷ் வார்ஷ்ணேயின் 2002ஆம் ஆண்டு நூல் வேறொரு சிக்கலைத் தருகிறது. கோழிக்கோடு, அலிகார் முதலிய ஆறு நகரங்களை இணை இணையாக ஒப்பிட்டு, இந்து முஸ்லிம் மக்களிடையே அன்றாடக் கலப்பைவிட, தொழிற்சங்கம், வணிகர் சங்கம் போன்ற அமைப்புகளின் வழி ஏற்படும் பிணைப்பே பெருநகரங்களில் கலவரத்தைத் தடுக்கும் ஆற்றலுடையது என அவர் வாதிடுகிறார். இரண்டையும் 'உறவு' என்றே பெயர்த்தால் வாதம் மறையும். தமிழில் உறவு முதன்மையாகக் குருதி வழியும் மண வழியும் வருவது. 'இணைப்பு' தொலைபேசியையும் எரிவாயு உருளையையும் நினைவூட்டுகிறது. 'தொடர்பு' பேச்சு வழக்கில் சிற்சில இடங்களில் இழிபொருள் பெற்றுவிட்டது. குறளின் நட்பு அதிகாரமோ பண்புடையாரின் நட்பைத் தொடர்பு என்றே சுட்டி, நூல்நயத்தோடு ஒப்பிடுகிறது என்பது நோக்கத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் காணத் தவறும் சொல் 'பழக்கம்'. மாடிப்படியில் கண்டு நலம் விசாரிப்பதும், சர்க்கரைக்கு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதும் உறவன்று, நட்புமன்று, பழக்கம். வார்ஷ்ணே கூறும் அன்றாடக் கலப்பு இதுவே. தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டமும் தமிழ்ச் சங்கத்தின் விழாவும் அமைப்புவழிப் பிணைப்புகள். ஆயினும் அவை ஒரு மொழியினரை மட்டும் பெரிதும் பிணைப்பன. வார்ஷ்ணே வேண்டுவது எல்லை கடக்கும் அமைப்புகளை. மோதி பாக்கின் மாடிப்படியில் எல்லை கடந்த பழக்கம் இருந்தது, அமைப்பு இல்லை; தமிழ்ச் சங்கத்தில் அமைப்பு இருந்தது, எல்லை கடத்தல் குறைவு. இவ்வேறுபாட்டைப் 'பழக்கம்', 'சங்கம்' என்னும் இரு எளிய சொற்களே தாங்கும். புதிய கலைச்சொல் எதுவும் ஆக்க வேண்டுவதில்லை.